எந்தப் பக்கம் படுப்பான்

சலவை மூட்டை ஏற்றும் சந்துக் கதவைத் திறந்தேன்.
பதினோரு பிள்ளைகள்.
மூன்று மணி வெயில், கொடியில் போட்ட துணியாய் நிற்கிறார்கள்.
பாதிப் பேர் கடலூர்ப் பள்ளிக்கூடச் சீருடை.
துப்பட்டாவைப் பைக்குள் திணித்துவிட்டு
மேலே ஒரு கறுப்புச் சட்டை.
சட்டையில் பல். வேரோடு பிடுங்கிய பல்.
'கடவாய்ப்பல்' என்று
நான்கு பையன்கள் சேர்ந்து பாடுகிறார்களாம்.
இன்று ராத்திரி உப்பளம் மைதானத்தில்.
எனக்கு முந்தாநாள்தான் தெரியும்.

முன்வாசலில் இன்னும் ஐந்நூறு.
சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்
லத்தியைக் கிடையாகப் பிடித்துத் தள்ளுகிறார்,
அலையைத் தள்ளுகிறவரைப் போல.
அலை எதிரே கல்லில் அடித்துக்கொண்டிருந்தது
யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, முந்நூத்தி நாலு நீங்களா?"
நான்தான் முந்நூற்று நான்கு.
முந்நூற்று ஒன்றும் நான்தான்.
"ரூபன் எந்தப் பக்கம் படுப்பான்?"
"தலையணையக் கட்டிப் புடிச்சுப்பானா?"
"பல்லு வெளக்குற பேஸ்ட் என்னக்கா?"
"டிரம்ஸ் சைலஸுக்குத் தூக்கத்துல பேசுற பழக்கமாமே?"

பத்தொன்பது வருஷமாய் அறை துடைக்கிறேன்.
இத்தனை கேள்வி
என்னை ஒருவரும் கேட்டதில்லை.
மேனேஜர் தயாளன் கேட்பது ஒன்றுதான்:
முடிஞ்சுதா?

இடது பக்கம் என்றேன்.
நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.
ஒருத்தி அழ ஆரம்பித்தாள்,
"நானும் இடதுதான்க்கா"
பிறகு வரிசையாய் எல்லாரும்.

ஏப்ரனில் கிடந்த பாதிச் சோப்பைக் கொடுத்தேன்.
இருநூற்றுப் பதினொன்றில் தங்கிய மருந்துக் கம்பெனிக்காரர்
விட்டுப்போனது.
மோந்து பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு,
திருநீறு வாங்குவதுபோல இரண்டு கையாலும்.
ஃபஹ்மிதா என்று ஒருத்தி மட்டும்
கண்ணை மூடவில்லை.
"இது அவனோடது இல்லதானே?"
நான் மூட்டையைக் கட்டினேன்.
"பரவால்லக்கா. எனக்கும் ஒரு துண்டு குடுக்கச் சொல்லுங்க."

ரூபன் கட்டிலில் படுக்கவேயில்லை.
அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே
ஜன்னல் எட்டாத இடத்தில்
போர்வை சுருண்டு கிடந்தது.
பக்கத்தில் தயிர்ச்சாதக் கிண்ணம்,
பிரிக்காத ஊறுகாய்,
ரெண்டு பஞ்சு உருண்டை.
காதில் அடைத்து எடுத்த பஞ்சு.
இதையா சொல்வேன்?

அப்போதுதான் அந்தச் சத்தம்.
மூன்றாம் மாடிப் பால்கனிக்கு
அவன் வந்திருப்பான் போலிருக்கிறது.
கூச்சல் கட்டிடத்தைத் தாண்டி
சந்தில் வந்து விழுந்தது.
பதினோரு பேரும் பார்க்கும் முன்பே கத்தினார்கள்,
கத்திக்கொண்டே ஓடினார்கள்.
அப்படிக் கத்த
எனக்கு ஒரு பிரசவம் வேண்டியிருந்தது,
அப்போதும் நர்ஸ்
வாய மூடு என்றாள்.

ஒரு செருப்பு கிடந்தது சந்தில்.
நீலப் பட்டை, குதிகால் தேய்ந்தது.
கதவோரம் எடுத்து வைத்தேன்.
வாய் திறந்திருந்ததை
பிறகுதான் கவனித்தேன்.
சத்தம் வந்ததா, தெரியாது.
அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்.

வைத்திக்குப்பம் போய்ச் சேர ஒன்பதரை.
உப்பளத்திலிருந்து தும் தும் என்று
ஏதோ வந்துகொண்டிருந்தது,
காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது மட்டும்.
ஏப்ரனை மாட்டுமுன் உதறினேன்.
பஞ்சு விழுந்தது.
குப்பையில் போடத்தான் கொண்டுவந்தேன்,
போடவில்லை.

பாயில் நிமிர்ந்து படுத்தேன்.
புரண்டேன். மறுபடியும் புரண்டேன்.
பக்கத்தில் படுத்திருந்த மனுஷனைத் தட்டி,
நான் எந்தப் பக்கம் படுப்பேன், என்றேன்.

"என்னது?"

எந்தப் பக்கமாப் படுப்பேன் நான்,
இடமா, வலமா?

கொஞ்ச நேரம் யோசித்தாற்போலத்தான் இருந்தது.
பிறகு, லைட்ட அமத்து, என்றான்.